அப்பா நலம்

மென்பொருள் இண்டர்வியூவில் ஸ்ட்ரக்சுரல் பேட்டர்ன் என்ற வார்த்தையை எடுத்தாலே போதும், அந்த ஏழு டிசைன் முறைகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறீர்கள். அடாப்டரில் ஆரம்பித்து பிராக்ஸியில் வந்து நிற்கும்போது முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை வேறு. ஓய்வு பெறும்வரை அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். ஒருத்தராவது, "மேடம், இதை எப்போ பயன்படுத்தக் கூடாது?" என்று என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சர்டிபிகேட்டைக்கூடப் பார்க்காமல் வேலைக்கு எடுத்திருப்பேன்.

உங்கள் டீம் லீட் போன வாரம் போன் செய்து, "புதுப் பசங்களுக்கு உங்க அனுபவத்த ஏதாவது எழுதிக் குடுங்க மேடம், ஜாலியா இருக்கட்டும்" என்றார். ஜாலியாக எழுதவும் என்னிடம் சரக்கு இருக்கிறது. டெக்கரேட்டர் மேல் டெக்கரேட்டராகச் சுற்றி, கடைசியில் உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதியவனுக்கே தெரியாமல் போன கதை ஒன்று போதும், நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அதை நேரில் வந்தால் சொல்கிறேன். எழுதி வைக்க வேண்டியது பிராக்ஸி பற்றித்தான். அது ஜாலியாக இருக்காது, முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

பிராக்ஸி உங்களுக்குப் புதிதா என்ன? கல்லூரியில் கூட்டாளி மாட்டினி ஷோவுக்குப் போயிருப்பான். அவன் பெயரைக் கூப்பிட்டதும் நீங்கள் குரலை மாற்றி "எஸ் சார்" சொல்லியிருப்பீர்கள். அவ்வளவுதான் பிராக்ஸி. நிஜமான பொருளுக்கு முன்னால் அதே முகத்தோடு இன்னொன்று நிற்கும். கூப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது, தெரியவும் கூடாது. புத்தகத்தில் அதைத்தான் பெருமையாகப் போட்டிருக்கும். நானும் ரொம்ப நாள் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் ஆபீஸ் அடையாறில், ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது. சின்ன கம்பெனி. நாங்கள் செய்த மென்பொருளும் சின்னதுதான். மயிலாப்பூர், மந்தைவெளி, பெசன்ட் நகர் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு இதே நிலைமை: பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ, இங்கே அப்பாவோ அம்மாவோ தனியாக. அந்தப் பெரியவர்களுக்குத் தினம் காலை ஏழு மணிக்கு எங்கள் கம்ப்யூட்டர் போன் போடும். நன்றாக இருந்தால் ஒன்றை அழுத்த வேண்டும், உதவி வேண்டுமென்றால் இரண்டை. ஒன்றை அழுத்தியதும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு "அப்பா நலம்" என்றோ "அம்மா நலம்" என்றோ மெசேஜ் போகும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

இதன் முக்கால்வாசியை எழுதியவள் நித்யா. மயிலாப்பூர்ப் பெண். எனக்கு ரொம்ப இளையவள், ஆனால் டிசைன் என்று வந்தால் மூளை கத்தி. நான் டெஸ்டிங். அவள் கட்டுவாள், நான் உடைப்பேன். சண்டை போட்டுக்கொண்டே இருப்போம், மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம்.

ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பிரச்சினை வந்தது. இங்கே எவனாவது தெருவைத் தோண்டுவான், கேபிள் அறுந்துவிடும். இல்லையென்றால் மழை. லைன் போகாது. உடனே பிள்ளைக்கு "பதில் இல்லை" என்று மெசேஜ் போகும். அவ்வளவுதான், அங்கே உசிர் போய்விடும். அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, ஒரு தடவை கதவையே உடைத்துவிட்டார்கள். உள்ளே அந்த அம்மா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றாராம். எங்களைத் திட்டாத திட்டில்லை.

நித்யாவின் அப்பாவும் எங்கள் பட்டியலில் ஒருவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு ஃபிளாட்டில் இருந்தார். நாங்கள் எதைப் புதிதாகச் செய்தாலும் முதலில் அவர் வீட்டில்தான் சோதித்துப் பார்ப்போம். நான் மாமா என்று கூப்பிடுவேன். காபி கொடுத்துவிட்டு எங்களை நன்றாகக் கலாய்ப்பார்.

"ஏண்டி, நீங்க என்ன மெஷின் பண்றேளா, இல்ல குழந்தேளைப் பயமுறுத்தறதுக்கு ஏதாவது பண்றேளா? அவா எங்கேயோ உக்காந்துண்டு வேலை பார்க்கறா. இங்க ஒரு ஒயர் அறுந்தா அங்க ஏன் உசிர் போகணும்? பயப்படாம இருக்கற மாதிரி ஒண்ணு பண்ணுங்கோ."

அவர் மட்டுமில்லை, எல்லாப் பெரியவர்களும் இதையே சொன்னார்கள். நம் ஊர் வழக்கமே அதுதானே? அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் மகளுக்குச் சொல்வார்கள். "இப்ப ஏன் சொல்லணும், அங்க ஒண்டியா கிடந்து அழுவா" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். உங்கள் வீட்டில் எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை.

நித்யா ஒரு பிராக்ஸி எழுதினாள். போன் போடுகிற பகுதிக்கு முன்னால் அது நிற்கும். பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அதுவரைக்கும், கடைசியாகத் தெரிந்த பதில் எதுவோ அதையே பிள்ளைக்கு அனுப்பிவிடும். நேற்று நலம் என்றால் இன்றைக்கும் நலம். பத்து மணிக்கு ஆபீஸ் திறந்ததும், பதில் வராத வீடுகளுக்கு எங்கள் பெண்களில் ஒருத்தி தானே போன் செய்து பேசுவாள். லைன் கோளாறா, ஆள் எடுக்கவில்லையா என்று மெஷினால் கண்டுபிடிக்க முடியாது, மனுஷியால் முடியும். நல்ல ஏற்பாடுதான். நான் எத்தனையோ விதமாகச் சோதித்தேன், எல்லாவற்றிலும் தேறியது. புகார்கள் அப்படியே நின்றுபோயின. மெஷினுக்குள் இருக்கும் பதிலைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாங்கள் "லைவா, பழசா?" என்று கேட்டுக்கொள்வோம். வெளியே பிள்ளைகளுக்குப் போகிற மெசேஜில் அந்த வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒரே மாதிரி "அப்பா நலம்" தான்.

சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது. அதனால் திங்கள் பத்து மணிக்கு ஆள் வந்து பேசி மாற்றும்வரை வெள்ளிக்கிழமைப் பதிலே போகட்டும் என்று மீட்டிங்கில் பேசி முடிவு செய்தோம். ஒருவரும் மறுக்கவில்லை. சனிக்கிழமை ஆள் போட கம்பெனிக்கு வசதியில்லை.

நித்யாவுக்குக் கல்யாணம் ஆகி அமெரிக்கா போனாள். போகும்போது அவள் செய்த கடைசி வேலை, தன் நம்பரை அப்பாவுக்கு எதிரே பதிந்ததுதான். "அக்கா, இனிமே நானும் கஸ்டமர். ஒழுங்கா வேலை பாருங்க" என்று சிரித்தாள்.

அடுத்த ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. நான் மந்தைவெளியிலிருந்து ஆபீசுக்குக் கிளம்பி ஆட்டோவில் ஏறிய நேரம், நித்யாவின் போன். அங்கே ஞாயிறு ராத்திரி.

"அக்கா, அப்பா போன் எடுக்கலை. லேண்ட்லைனும் எடுக்கலை, செல்லும் ஸ்விட்ச் ஆஃப்."

"கோயிலுக்குப் போயிருப்பார்டி."

"ஏழு மணிக்கு நலம்னு மெசேஜ் வந்திருக்கு. ஏழு மணிக்கு எடுத்தவர் எட்டு மணிக்கு ஏன் எடுக்கலை? சனி, ஞாயிறு தி.நகர்ல ஒரு கல்யாணத்துக்குப் போறேன்னு சொல்லியிருந்தார், அதனால நானும் கூப்பிடலை." பிறகு கேட்டாள்: "அக்கா, அந்த மெசேஜ் லைவா, பழசா?"

ஆட்டோவிலேயே லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். மாமா கடைசியாக ஒன்றை அழுத்தியது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு, இன்று மூன்று நாளும் பழசு.

சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அவள் கத்தவில்லை. "போனை வைக்காதீங்க. அப்படியே ஆத்துக்குப் போங்கோ" என்றாள். என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசமாட்டாள், அன்றைக்கு வீட்டுப் பேச்சு தானாக வந்துவிட்டது. ஆட்டோக்காரரிடம் வண்டியை மாட வீதிக்குத் திருப்பச் சொன்னேன். போனை அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கேட்டில் செக்யூரிட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா கீழே வந்தாரா?" என்றேன்.

"பெருசா? ஊர்ல இல்ல மேடம். சனிக்கெயம்லேர்ந்து காணும். கல்யாணத்துக்குப் போவணும்னு சொல்லிக்கினு இருந்தாரே, நேரா அங்கேர்ந்து எங்கனா போய்ட்டிருப்பாரு."

"பால்?"

"வாசல்ல பால் பாக்கெட்டு கெடந்தா ஆள் இல்லன்னு தெரிஞ்சிடும்ல மேடம்? திருட்டுப் பசங்க கண்ணு வுடுவானுங்க. அதான் நானே எடுத்து கீழ் வூட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிக்கினு கீறேன். வந்தா குடுத்துடலாம்னு."

நல்ல மனுஷன். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அவரும் நல்லது நினைத்துத்தான் செய்தார். வாசலில் பால் பாக்கெட் கிடந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள் என்பது மட்டும் மனதில் இருந்துகொண்டே இருக்கிறது.

கீழ் வீட்டில் மாற்றுச் சாவி இருந்தது. திறந்தோம். மாமா பாத்ரூம் வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். சனிக்கிழமை காலை குளிக்கப் போகும்போது வழுக்கியிருக்கிறார், இடுப்பெலும்பு போய்விட்டது. போன் கூடத்தில். நகரவே முடியவில்லை. உதடெல்லாம் வெடித்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. "ஐயோ பெருசு, இன்னா இது, மேலயே கெடந்திருக்கியே" என்று செக்யூரிட்டி அழுதுகொண்டே ஆம்புலன்சுக்குக் கூப்பிட ஓடினார். நான் கைக்குட்டையை நனைத்து உதட்டில் வைத்தேன்.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். குரல் வரவே நேரமாயிற்று.

"காலம்பற காலம்பற போன் அடிச்சுது. உங்க மெஷின்தான். எழுந்துக்க முடியலை. நான் எடுக்கலியேன்னு குழந்தை பயந்துண்டு யாரையாவது அனுப்புவான்னு... பார்த்துண்டே இருந்தேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப அவகிட்ட ஒண்ணும் சொல்லாதேம்மா. மூணு நாளா பயந்துபோயிருப்பா. நன்னா இருக்கேன்னு சொல்லிடு."

அப்போதுதான் கைப்பைக்குள் விசும்பல் கேட்டது. போனை வைக்கவே இல்லையே. வெளியே எடுத்து அவர் காதருகே பிடித்தேன்.

"அப்பா, இதோ வந்துண்டே இருக்கேன்."

"எதுக்குடி? டிக்கெட் என்ன விலை விக்கறது! லீவை வேஸ்ட் பண்ணாதே."

அப்பாவும் பெண்ணும் பேசியது அவ்வளவுதான். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களோடு பேச வேண்டும். "அந்தப் புரோகிராமில் பக், அதாவது பிழை, எங்கே மேடம்?" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். பக்கே கிடையாது. நித்யா எழுதியது எழுதியபடி வேலை செய்தது. பெரியவர்கள் என்ன கேட்டார்களோ அதைக் கொடுத்தது, பிள்ளைகளைப் பயமுறுத்தவில்லை. தப்பு வேறு இடத்தில். பழைய ‘பதில் இல்லை’யை எடுத்துவிட்டதால், நலம், உதவி வேண்டும் என்று இரண்டே பதில்தான் அந்த இண்டர்ஃபேஸில் இருந்தது. "தெரியவில்லை" என்று சொல்ல அதற்கு வாயே கொடுக்கவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டத்தான் அதைப் பழக்கியிருந்தோம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்தவர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எங்கள் டிசைனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: "எதை மறைக்கிற? யார்கிட்ட மறைக்கிற? அது அவங்களுக்குத் தேவைப்பட்டா எந்தக் கதவைத் தட்டுவாங்க?" என்ன இவர் இப்படிப் படுத்துகிறார் என்று நாங்கள் முணுமுணுப்போம். ஃபசாடோ, பிராக்ஸியோ, அடாப்டரோ, எல்லாமே எதையோ மறைக்கத்தான் இருக்கின்றன. மறைப்பது தப்பில்லை, மறைக்காவிட்டால் பெரிய மென்பொருள் எதையும் கட்ட முடியாது. ஆனால் தட்ட ஒரு கதவு வேண்டும். நீங்கள் வரிவரியாகப் புரோகிராம் எழுதும்போது இதை யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள். நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு அந்த மென்பொருளில் மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. "இன்று தெரியவில்லை. கடைசியாக நலம் என்று சொன்னது வெள்ளி காலை" என்று போகும். சனி, ஞாயிறும் ஒருத்தி டூட்டியில் இருப்பாள். மறுபடி புகார் வந்தது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று. பயப்படட்டும். அந்த மாற்றத்தை எழுதியது நித்யாதான். காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் அடையாறு ஆபீசுக்கு வந்து, தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் சோதித்துப் பார்த்தேன். அன்றைக்கு நாங்கள் சண்டை போடவில்லை.

விமான நிலையத்தில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமா போய்விட்டார். கிட்னி நின்றுவிட்டது என்றார்கள். நித்யா அப்போது விமானத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய சித்தப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் மற்ற ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும், காலையில் அவளை அழைத்து வர நான் போவதென்று முடிவாகியிருந்தது.

"அவகிட்ட இப்போ சொல்ல வேண்டாம். ஐசியுல இருக்கார், பார்த்துண்டிருக்கா அப்படீன்னு சொல்லி அழைச்சுண்டு வந்துடுங்கோ. ஆத்துக்கு வந்தப்புறம் நாங்க சொல்லிக்கறோம். அவ்வளவு தூரம் பிரயாணம் பண்ணிண்டு வர்ற பொண்ணு, வழியில தாங்கமாட்டா."

சரி என்று தலையாட்டினேன். நியாயமாகத்தான் பட்டது. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். ராத்திரி முழுக்க "ஐசியுவில் இருக்கார்" என்பதை எந்தக் குரலில் சொன்னால் நம்புவாள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன் காலை மீனம்பாக்கத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். வெளியே வந்தாள். ஒரே ஒரு பை. தலை வாரவில்லை. கையில் போன், அப்போதுதான் ஆன் செய்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வந்து எதிரே நின்றாள், போனைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"அப்பா நலம்." அன்றைய தேதி. காலை ஏழு மணி.

நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். அவருடைய பழைய பதிலை மாற்ற வேண்டும், பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டில் போன் அடித்திருக்கிறது. பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமைப் பதிலை எடுத்து மெஷின் அனுப்பிவிட்டது.

"ஐசியு" என்ற வார்த்தை உதடுவரைக்கும் வந்தது.

"இது பழசுன்னு எனக்குத் தெரியும் அக்கா," என்றாள். "சித்தப்பா உங்ககிட்ட என்ன சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பார்னும் தெரியும். நீங்க லைவா சொல்லுங்க."

சுற்றிலும் மாலையும் பொக்கேயுமாக ஆட்கள். யாரையோ வரவேற்க ஒரு குடும்பமே கைதட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா போயிட்டார்மா," என்றேன். "நேத்து சாயங்காலம்."

தலையை மெல்ல ஆட்டினாள். போனைப் பைக்குள் வைத்தாள். அழுவாள், பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அவள் அழவில்லை.

"கடைசியா ஏதாவது கேட்டாரா?"

"ஒண்ணையேதான் கேட்டுக்கிட்டிருந்தார். குழந்தை பயந்துட்டாளா, பயந்துட்டாளான்னு."

அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும்," என்றாள், "நான் பயப்படவே இல்லையே அக்கா."